மாடு ஓட்டும் சனி, பெண்ணாக நிற்கும் புதன்: சீனக் குகையின் சாமி ஓவியங்கள் லண்டனுக்கும் டெல்லிக்கும் போனது எப்படி?

ஒரு மாட்டு வண்டி. அதில் ஒளி வீசியபடி புத்தர் அமர்ந்திருக்கிறார். வண்டி மாட்டை நடத்திச் செல்பவர் கருத்த மேனியுடன் இந்தியத் துறவியின் தோற்றத்தில் இருக்கிறார். அவர் வேறு யாருமல்ல, சனி பகவான்தான். கூடவே நான்கு பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி இசைக்கருவி வாசிக்கிறாள், இன்னொருத்தி கையில் தூரிகை வைத்திருக்கிறாள்.

பட்டுத் துணியில் வரையப்பட்ட இந்த ஓவியத்தின் வயது 1,100 வருடங்களுக்கு மேல். வரைந்தது சீனாவில், இப்போது இருப்பது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். இதோடு ஒரே குகையில் கிடைத்த ஓவியங்களில் ஒரு பெரிய பங்கு இந்தியாவில், டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

சீனாவின் சாமி படங்கள் ஏன் லண்டனில் இருக்கின்றன? டெல்லிக்கு எப்படி வந்தன? அவை யாருக்குச் சொந்தம்? கோயில் சிலைகளை வெளிநாடுகளிலிருந்து திரும்பக் கேட்கும் நமக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது இந்தக் குகை?

சீனாவின் வடமேற்கில் கான்சு மாகாணத்தில், பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் ஊர் துன்ஹுவாங். பழைய பட்டுப்பாதையில் வணிகர்களும் துறவிகளும் தங்கிப்போன இடம். ஊருக்கு வெளியே ஒரு மலைச்சரிவில் வரிசையாகக் குடையப்பட்டவை மொகாவ் குகைகள். கி.பி. 366-ல் ஒரு துறவி முதல் குகையைக் குடைந்தார் என்பது மரபுவழிச் செய்தி. அதன் பிறகு சுமார் ஆயிரம் ஆண்டுகள் மக்கள் குடைந்துகொண்டே இருந்தார்கள். இன்று 735 குகைகள் இருக்கின்றன. அவற்றில் 492-ல் சுவரோவியங்களும் சிற்பங்களும் உள்ளன. 1987-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

19-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்த இடம் கிட்டத்தட்ட கைவிடப்பட்டுக் கிடந்தது. மணல் மூடிய குகைகளைச் சுத்தம் செய்யும் வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டவர் வாங் யுவான்லு. இவர் புத்த பிக்குகூட இல்லை, தாவோ மதத் துறவி. நன்கொடை வசூலித்து, ஆள் வைத்து மணலை அள்ளிக்கொண்டிருந்தார்.

1900-ம் ஆண்டு ஜூன் மாதம். இப்போது 16-ம் எண் கொண்ட குகையின் நடைவழியில், சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருப்பது தெரியவந்தது. உடைத்துப் பார்த்தால் உள்ளே தரையிலிருந்து மேலே வரை மூட்டை மூட்டையாக ஏடுகள், துணிகள், ஓவியங்கள். சுமார் 9 அடிக்கு 9 அடி அறைதான். அதற்குள் பல்லாயிரக்கணக்கான பொருட்கள் அடைந்து கிடந்தன. இன்று 17-ம் எண் குகை, அல்லது 'நூலகக் குகை' என்று சொல்லப்படுவது இதுதான்.

ஏன் மூடி வைத்தார்கள்?

குகையில் கிடைத்த ஏடுகளில் தேதி உள்ளவற்றில் கடைசியானது கி.பி. 1002-ஐச் சேர்ந்தது. ஆகவே 11-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடியிருக்க வேண்டும். காரணம் பற்றி ஆய்வாளர்கள் இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள்.

முதல் விளக்கம் பயம். மேற்கே இருந்த கோத்தான் என்ற புத்த ராஜ்ஜியம் 1006-ல் வீழ்ந்தது. அடுத்து நம் ஊருக்கும் படை வரும் என்று அஞ்சிய பிக்குகள் எல்லாவற்றையும் சுவருக்குப் பின்னால் பதுக்கினார்கள் என்கிறது இது.

இரண்டாவது விளக்கம் நமக்கு எளிதாகப் புரியும். கிழிந்த சாமி படத்தை யாராவது குப்பையில் போடுவார்களா? மரத்தடியிலோ கோயில் ஓரத்திலோ கொண்டுபோய் வைப்போம், இல்லையென்றால் ஆற்றில் விடுவோம். அதே மாதிரி, பயன்படுத்தித் தேய்ந்துபோன புனித ஏடுகளையும் படங்களையும் எறிய மனமில்லாமல் ஓர் அறையில் சேர்த்து வைத்து மூடினார்கள் என்பது அந்த விளக்கம்.

எதுவாக இருந்தாலும் பாலைவனத்தின் வறண்ட காற்றும் இருட்டும் சேர்ந்து பட்டுத் துணியை 900 வருடங்கள் காப்பாற்றிவிட்டன.

ஓவியங்களில் இருப்பவர்கள் யார்? நமக்குத் தெரிந்தவர்களும்தான்!

புத்த மதம் இந்தியாவிலிருந்து மத்திய ஆசியா வழியாகச் சீனாவுக்குப் போனது. போகும்போது புத்தரோடு சேர்ந்து இந்தியாவின் மற்ற தெய்வங்களும் பயணம் செய்தன. போன இடத்தில் உடை மாறியது, முகம் மாறியது, சிலருக்கு ஆண் பெண் என்பதேகூட மாறியது.

மேலே சொன்ன மாட்டு வண்டி ஓவியம் இதற்கு நல்ல உதாரணம். அதில் தேதியும் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. கி.பி. 897, வரைந்தவர் சாங் ஹுவாய்சிங். தன்னை அவர் 'சீடன்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார். ஓவியத்தின் உயரம் சுமார் 80 சென்டிமீட்டர், அகலம் சுமார் 55 சென்டிமீட்டர். புத்தரைச் சுற்றி வரும் ஐந்து பேரும் ஐந்து கிரகங்கள்:

- சனி: இந்தியத் துறவி தோற்றம், தலையில் மாட்டுத் தலை வடிவ அணி.
- செவ்வாய்: நான்கு கைகளிலும் ஆயுதம் ஏந்திய போர்வீரன்.
- புதன்: கையில் தூரிகையுடன் நிற்கும் பெண். தலையில் குரங்கு உருவம்.
- வியாழன்: காணிக்கை ஏந்திய அரசு அதிகாரி. தலையில் பன்றி உருவம்.
- சுக்கிரன்: நரம்புக் கருவியை மீட்டும் பெண். தலையில் பறவை உருவம்.

நம் கோயில் நவகிரக சன்னதியில் சனிக்குக் காக்கை வாகனம். அங்கே காக்கையைக் காணோம், மாடு வந்திருக்கிறது. ஆனால், கிரகங்களை ஆட்களாகப் பார்ப்பதும், அவற்றின் கெடுபலன் விலக வேண்டிக்கொள்வதும் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். இது தற்செயலும் இல்லை. டாங் அரசவையில் வானியல் அதிகாரியாக இருந்தவர் கௌதம சித்தர். இந்திய வம்சாவளிக் குடும்பத்தைச் சேர்ந்த இவர், 718-ல் இந்தியக் கணித முறைப்படி ஒரு நாட்காட்டியைச் சீன மொழியில் தந்தார். அதன் பெயரே 'ஒன்பது கிரகங்களின் நாட்காட்டி' என்று பொருள்படும்.

அடுத்தவர் குபேரன். இவருக்கு வைச்ரவணன் என்றும் பெயர் உண்டு. நமக்கு அவர் செல்வத்தின் அதிபதி. துன்ஹுவாங் மக்களுக்கோ வடதிசையைக் காக்கும் கவசம் அணிந்த படைத்தலைவர். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு சிறிய ஓவியத்தில் அவர் பரிவாரத்தோடு மேகத்தில் ஏறிக் கடலைக் கடக்கிறார். ஒரு கையில் நீண்ட ஈட்டி, மறு கையிலிருந்து எழும் புகையில் ஒரு சிறு ஸ்தூபி. படை அடிக்கடி வந்துபோகும் எல்லை ஊரில் இருந்தவர்களுக்குப் பணத்தைவிடப் பாதுகாப்புதான் முதல் தேவை. சாமியும் அதற்கேற்ப மாறிவிட்டார்.

யமனும் இருக்கிறார். ஆனால், தனி ஆளாக இல்லை. இறந்த உயிரை விசாரிக்கும் பத்து நீதிபதி அரசர்களில் ஒருவராக, மேசைக்குப் பின்னால் சீன அதிகாரியின் உடையில் அமர்ந்திருக்கிறார். எழுத்தர்கள் கணக்குச் சுருளோடு நிற்கிறார்கள். சித்திரகுப்தன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகவே தெரியாது.

மீசை வைத்த குவான்யின்

இந்தக் குகை ஓவியங்களில் மிக அதிகமாக வரும் தெய்வங்களில் ஒருவர் குவான்யின். சமஸ்கிருதத்தில் அவலோகிதேஸ்வரர், அதாவது துன்பப்படுபவர்களின் குரலைக் கேட்டு வரும் போதிசத்துவர். இன்று சீனாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீனக் கோயில்களுக்குப் போனால் குவான்யினை வெண்ணிற ஆடை அணிந்த அம்மனாகப் பார்க்கலாம். ஆனால், துன்ஹுவாங் ஓவியங்கள் பலவற்றில் அவருக்கு மெல்லிய மீசை இருக்கிறது! பெண் வடிவம் பரவலானது அதற்குப் பிறகுதான். அந்த மாற்றத்துக்கு முந்தைய நிலையை இந்தப் பட்டுத் துணிகளில் பார்க்க முடிகிறது.

இவருக்குத் தமிழோடும் ஒரு தொடர்பு சொல்லப்படுகிறது. 11-ம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கற்றதே அவலோகிதரிடம்தான் என்கிறது. 7-ம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங், அவலோகிதேஸ்வரரின் இருப்பிடமான போதலகம் தென்னிந்தியாவில் மலய மலைக்கு அருகே இருப்பதாக எழுதினார். அதை நம் பொதிகை மலையோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு.

இவை கலைக்காக வரைந்தவையா?

இல்லை. இந்த ஓவியங்களைப் புரிந்துகொள்ள முக்கியமான விஷயம் இதுதான். பெரும்பாலானவை வேண்டுதலுக்காகவும் நேர்த்திக்கடனாகவும் செய்யப்பட்டவை.

பல ஓவியங்களின் கீழ்ப்பகுதியில் சின்னச் சின்ன மனித உருவங்கள் இருக்கும். அவர்கள்தான் பணம் கொடுத்து வரையச் சொன்னவர்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள் என முழங்காலிட்டு வரிசையாக இருப்பார்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் பெயர், உறவுமுறை, என்ன வேண்டுதல் என்று எழுதியிருக்கும். இறந்துபோன அப்பா அம்மாவுக்கு நல்ல கதி கிடைக்க வேண்டும், நாட்டில் சண்டை ஓய வேண்டும், குடும்பம் நோயில்லாமல் இருக்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வேண்டுதல் சீட்டு என்றே சொல்லலாம்.

910-ம் ஆண்டு என்று தேதியிட்ட ஒரு குவான்யின் ஓவியத்தில் ஒரு பிக்குணியும் ஓர் ஆணும் இருபுறமும் நிற்கிறார்கள். அந்தத் தேதியிலேயே ஒரு கதை இருக்கிறது. டாங் வம்சம் 907-லேயே முடிந்துவிட்டது. ஆனால், துன்ஹுவாங்கில் 910-லும் அந்த வம்சத்தின் பழைய ஆண்டுக்கணக்கில்தான் தேதி போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, 'உயிருக்கு வழிகாட்டும் போதிசத்துவர்' ஓவியம். கையில் தூபக்கலசமும் கொடியும் ஏந்தி போதிசத்துவர் மேகத்தின் மேல் முன்னே போகிறார். பின்னால் அவரைவிட மிகச் சின்ன உருவமாக ஒரு பெண் வருகிறாள். நல்ல உடை, அலங்காரமான கொண்டை, குனிந்த தலை. அவள் இறந்துவிட்டாள். மேலே ஓரத்தில் மேகங்களுக்கு நடுவே சொர்க்க மாளிகை தெரிகிறது. அம்மாவையோ மனைவியையோ மகளையோ இழந்த ஒரு வீட்டில் இந்தப் படம் என்ன ஆறுதல் தந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

எல்லாமே பணக்காரர்களுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். கோயில்களில் தொங்கவிடும் குறுகலான கொடி ஓவியங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. சில படங்களில் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலியாகவே இருக்கிறது. முன்கூட்டியே வரைந்து வைத்து, வாங்க வருபவரின் பெயரை அப்புறம் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருந்திருக்கலாம். 947-ல் அந்த ஊரின் ஆட்சியாளர் சாவ் யுவான்சோங் குவான்யின், குபேரன் உருவங்களை மர அச்சில் பல பிரதிகள் அடிக்கச் செய்தார். குவான்யின் படத்தில் அச்சுக்கட்டை செதுக்கிய லெய் யான்மெய் என்ற கைவினைஞரின் பெயரும் இருக்கிறது. சிவகாசி சாமி காலண்டருக்கு முன்னோடி என்று இதைச் சொன்னால் தப்பில்லை.

எப்படி வரைந்தார்கள்?

அந்தக் காலத் தறியில் நெய்த பட்டின் அகலம் சுமார் 55 முதல் 60 சென்டிமீட்டர். சின்ன ஓவியங்களுக்கு ஒரு துண்டு போதும். ஆயிரம் கை குவான்யின் போன்ற 2 மீட்டருக்கும் உயரமான ஓவியங்களுக்கு மூன்று துண்டுகளை இணைத்துத் தைத்தார்கள். முதலில் மையில் கோட்டுருவம், பிறகு வண்ணம். நீலமும் பச்சையும் தாமிரக் கனிமங்களிலிருந்து, சிவப்பு பாதரசக் கனிமத்திலிருந்து. ஆயிரம் ஆண்டுகள் தாண்டியும் நிறம் மங்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப வரைய ஒரு சுலபமான வழியும் வைத்திருந்தார்கள். காகிதத்தில் உருவம் வரைந்து, கோடுகளின் மேல் ஊசியால் வரிசையாகத் துளை போடுவார்கள். அதைச் சுவரிலோ துணியிலோ வைத்து வண்ணப்பொடியைத் தட்டினால் புள்ளி புள்ளியாக உருவம் விழும். ஓட்டை போட்ட கோல அச்சில் மாவு போடுவதுபோலத்தான். அப்படித் துளையிட்ட காகிதங்களும் அந்தக் குகையில் கிடைத்தன.

ஸ்டைன் வருகிறார்

1907-ல் துன்ஹுவாங் வந்தவர் ஆரல் ஸ்டைன். 1862-ல் புடாபெஸ்டில் பிறந்த இவர், பிரிட்டிஷ் இந்திய அரசில் பணியாற்றிய ஆய்வாளர். குகையில் ஏதோ கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் வந்தார். அவருக்குச் சீன மொழி படிக்கத் தெரியாது. சியாங் சியாவ்வான் என்ற சீன உதவியாளர்தான் எல்லாவற்றுக்கும் துணை.

முதலில் வாங் பிடிகொடுக்கவில்லை. அப்போது ஸ்டைன் எடுத்த ஆயுதம் யுவான் சுவாங்கின் பெயர். காஞ்சிபுரம் பற்றி எழுதியதாக நாம் பள்ளிக்கூடத்தில் படித்த அதே பயணிதான். வாங்குக்கு யுவான் சுவாங் மீது பெரும் பக்தி. அவரது பயணக் காட்சிகளைச் சுவரில் வரையவும் ஏற்பாடு செய்திருந்தார். 'நானும் அவர் காலடியைத் தொடர்ந்துதான் இந்தியாவிலிருந்து மலையும் பாலைவனமும் தாண்டி வந்திருக்கிறேன்' என்ற பொருளில் ஸ்டைன் பேசினார். அன்றிரவு வாங் ரகசியமாகக் கொடுத்த முதல் கட்டில் யுவான் சுவாங் மொழிபெயர்த்த சூத்திரங்களே இருந்தன என்று ஸ்டைன் எழுதியிருக்கிறார். வாங் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். கதவு திறந்தது.

கடைசியில் நான்கு வெள்ளிக் கட்டிகள் கைமாறின. ஸ்டைன் தன் கடிதத்தில் போட்ட கணக்குப்படி மொத்தச் செலவு 130 பவுண்டுதான். அதற்கு அவர் கொண்டுபோனவை: 24 பெட்டி ஏடுகள், 5 பெட்டி ஓவியங்களும் பூத்தையல்களும். உலகில் தேதியுடன் கிடைத்த மிகப் பழைய முழு அச்சு நூலான 868-ம் ஆண்டு வைரச் சூத்திரமும் அதில் ஒன்று.

வாங் அந்தப் பணத்தைத் தனக்காக வைத்துக்கொள்ளவில்லை, குகைகளைப் புதுப்பிக்கச் செலவழித்தார். 1931-ல் இறந்துபோன அவரைச் சீனாவில் பலர் இன்றும் குற்றவாளியாகத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்த ஆண்டே பிரான்ஸின் பால் பெல்லியோ வந்தார். சீன மொழி நன்கு தெரிந்தவர். மெழுகுவத்தி வெளிச்சத்தில் வாரக்கணக்கில் குகைக்குள் உட்கார்ந்து பொறுக்கி எடுத்தார். அவர் கொண்டுபோன ஓவியங்கள் இன்று பாரிஸ் கிமே அருங்காட்சியகத்தில் உள்ளன. 1910-ல்தான் மிச்சமிருப்பதை பெய்ஜிங்குக்கு அனுப்பச் சொல்லிச் சீன அரசு உத்தரவிட்டது. அதன் பிறகும் ஜப்பான், ரஷ்யக் குழுக்கள் வந்து எடுத்துப்போயின. 1924-ல் அமெரிக்காவின் லாங்டன் வார்னர் சுவரோவியங்களையே பெயர்த்து எடுத்தார்.

டெல்லிக்கு ஏன் பங்கு?

ஸ்டைனின் பயணத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஐந்தில் இரண்டு பங்கு பிரிட்டிஷ் மியூசியம். மீதி ஐந்தில் மூன்று பங்கு இந்திய அரசு, அதாவது அன்றைய காலனி அரசு. அந்த அரசின் கருவூலம் நிரம்பியது இந்திய மக்களின் வரிப்பணத்தில். ஆகவே, கிடைத்த பொருட்களும் பங்கு பிரிக்கப்பட்டன. இந்தியாவின் பங்குக்காகப் புதுடெல்லியில் மத்திய ஆசியத் தொல்பொருட்களுக்கென்றே தனி அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. இப்போது அவை ஜன்பத் சாலையில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன.

இந்தப் பிரிவினை எந்த அளவுக்குப் போனது என்பதற்கு ஓர் ஓவியமே சாட்சி. இந்தியாவிலும் மற்ற இடங்களிலும் புகழ்பெற்ற புத்தர் சிலைகள் எப்படி இருக்கும் என்று வரிசையாக வரைந்து காட்டும் பெரிய பட்டு ஓவியம் அது. நேரில் போக முடியாத சீன பக்தருக்கு இந்தியாவின் புனிதச் சிலைகளைக் கண்ணில் காட்டும் படம். குகையில் சிதைந்த நிலையில் கிடைத்த அதன் துண்டுகளில் ஒரு பகுதி லண்டனில் இருக்கிறது, இன்னொரு பகுதி டெல்லியில்.

பெட்டிகளில் கசங்கி, மடங்கி, ஒட்டிக்கிடந்த பட்டுகளை ஈரப்படுத்திப் பிரித்து எடுக்கவே லண்டனில் ஆண்டுக்கணக்கில் ஆனது. இரண்டு நகரங்களிலும் உள்ள ஓவியங்களுக்குச் சேர்த்து 1931-ல் ஒரே பட்டியல் வெளியானது. அதைத் தயாரித்தவர் ஆர்தர் வேலி. சீன இலக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனதில் முக்கியமானவர். ஆனால், வாழ்நாளில் ஒருமுறைகூட சீனாவுக்குப் போகாதவர்.

அதே வேலிதான் 1960-ல் ஒரு சங்கடமான கேள்வியையும் எழுப்பினார். இங்கிலாந்தில் பாழடைந்த ஒரு மடத்தில் பழைய ஏடுகள் கிடைத்து, ஒரு சீன ஆய்வாளர் வந்து காவலாளிக்குக் காசு கொடுத்து அவற்றை பெய்ஜிங்குக்கு எடுத்துப்போயிருந்தால் நமக்கு எப்படி இருக்கும் என்பதே அவர் கேள்வியின் சாரம். பட்டியல் போட்டவரே கேட்ட கேள்வி என்பதால்தான் அது இன்றும் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது.

திருட்டா, வியாபாரமா, பாதுகாப்பா?

ஸ்டைனை ஆதரிப்பவர்கள் சொல்வது: காசு கொடுத்துத்தான் வாங்கினார். 1910-ல் பெய்ஜிங்குக்குப் போன பொருட்களில் வழியிலேயே நிறையக் களவு போனது. லண்டனில் அவை பத்திரமாக இருந்தன, உலகம் முழுக்க ஆய்வுக்குக் கிடைத்தன.

எதிர்ப்பவர்கள் சொல்வது: விற்க வாங்குக்கு உரிமையே இல்லை. அவர் காவல்காரர், உரிமையாளர் கிடையாது. பேரம் ரகசியமாக நடந்ததே அதற்குச் சாட்சி. பாதுகாப்பு என்பது எடுத்த பிறகு சொல்லும் காரணம்.

2023-ல் இந்த விவாதம் மறுபடி சூடானது. பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்தே சுமார் 2,000 பொருட்கள் காணாமல்போனதோ, சேதமானதோ, திருடப்பட்டதோ தெரியவந்தது. 'பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்ற வாதத்துக்கு அது பெரிய அடி. சீனப் பொருட்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று சீனாவின் குளோபல் டைம்ஸ் தலையங்கம் எழுதியது. அந்த மியூசியத்திலிருந்து தப்பித்து ஊருக்குப் போக நினைக்கும் ஒரு தேநீர்க் குடுவையைப் பெண்ணாகக் காட்டிய குறுந்தொடர் சீன இணையத்தில் வைரலானது.

ஆனால், நினைத்தால்கூட மியூசியத்தால் சுலபமாகக் கொடுத்துவிட முடியாது. 1963-ம் ஆண்டின் பிரிட்டிஷ் மியூசியம் சட்டம், சேகரிப்பில் உள்ள பொருட்களை வெளியே கொடுக்க மிகக் குறைந்த சந்தர்ப்பங்களிலேயே அனுமதிக்கிறது.

இதில் நாம் எந்தப் பக்கம்?

தமிழ்நாட்டுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. பத்தூர் நடராஜர் சிலைக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சிலையைக் கேட்க கோயிலுக்கே உரிமை உண்டு என்று ஏற்கப்பட்டு, 1991-ல் நடராஜர் ஊர் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜரை 2014-ல் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லியில் ஒப்படைத்தார். 'அது மியூசியப் பொருள் இல்லை, எங்க சாமி' என்பதுதான் அந்த வழக்குகளில் நம் ஊர் மக்கள் சொன்னது.

துன்ஹுவாங் விஷயம் அப்படியே அதே மாதிரி இல்லை. நம் சிலைகள் சட்டத்தை மீறித் திருடிக் கடத்தப்பட்டவை. ஸ்டைன் எடுத்தபோது அவற்றைத் தடுக்கும் சட்டம் எதையும் அவர் சந்திக்கவில்லை, காசும் கொடுத்தார். மூடிய அறையில் 900 ஆண்டுகளாக அவற்றுக்குப் பூஜையும் நடக்கவில்லை. இந்த வித்தியாசங்களை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது.

ஆனாலும் அந்தப் படங்களின் கீழே கைகூப்பியிருப்பவர்கள் அவற்றை ஒரு கோயிலுக்குத்தான் கொடுத்தார்கள், வேண்டுதலோடு கொடுத்தார்கள். அந்தக் காணிக்கையில் ஒரு பங்கு இன்று இந்திய அரசின் கையில் இருக்கிறது. சிலை விஷயத்தில் நாம் கேட்கும் இடத்தில் இருக்கிறோம். இந்த விஷயத்தில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்திலும் இருக்கிறோம். சொந்தம் யாருக்கு என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் ஒரே அளவுகோலை வைக்க முடியுமா என்பதுதான் இந்தியா என்றாவது ஒருநாள் யோசிக்க வேண்டிய விஷயம்.

அதற்கு முன்னால் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது: இருப்பதைக் காப்பாற்றுவது. வெளிச்சம் பட்டால் பட்டு நைந்துபோகும், வண்ணம் மங்கும். அதனால்தான் இத்தகைய ஓவியங்களைப் பொதுவாக நிரந்தரமாகச் சுவரில் மாட்டி வைப்பதில்லை. குறைந்த வெளிச்சத்தில் சில மாதங்கள் காட்டிவிட்டு மறுபடி இருட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தை நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களுக்கு மாற்றும் திட்டத்தை மத்திய அரசு அறிவித்திருக்கிறது. ஆயிரம் வருடப் பட்டுத் துணியை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுவது சாதாரண வேலை இல்லை.

நாம் பார்க்க முடியுமா?

முடியும், அதுவும் இலவசமாக. பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையதளத்தில் ஸ்டைன் சேகரிப்பு ஓவியங்கள் படங்களோடு உள்ளன. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் துன்ஹுவாங் பொருட்களை இணையத்தில் ஒன்றுசேர்க்கும் சர்வதேசத் திட்டம் 1994-லிருந்து பிரிட்டிஷ் நூலகத்தை மையமாகக் கொண்டு நடக்கிறது. துன்ஹுவாங் ஆய்வு நிறுவனம் 2016-ல் 30 குகைகளை இணையத்தில் திறந்தது. நூலகக் குகை முன்பு எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் டிஜிட்டல் வடிவம் 2023-ல் வந்தது.

உண்மையான 17-ம் எண் குகை இன்று கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கிறது. அந்த அறை முதலில் குடையப்பட்டது 9-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹோங்பியான் என்ற பிக்குவின் நினைவாக. அவர் சிலை மட்டும் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அவரைச் சுற்றி அடுக்கியிருந்த மூட்டைகள் எல்லாம் லண்டன், பாரிஸ், டெல்லி, பெய்ஜிங் என்று ஊர் ஊராக இருக்கின்றன.